மூன்றாவது எல்லை

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். கல்யாணத்தன்று "ஒரு தடவை வீட்டுக்கு வாங்க" என்று உங்களைக் கூப்பிட்டேன். வருடம் ஓடிவிட்டது, நீங்கள் வரவில்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும்.

இப்படி மின்னஞ்சலில் எழுதாமல் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் பகல் முழுக்க வாய்விட்டுப் படிக்கிறவள் நான். மற்ற நேரத்தில் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். தவிர, போனில் உங்களிடமிருந்து "ம்" என்ற ஒரே எழுத்துதான் கிடைக்கும் என்று உங்கள் மகளே சொல்கிறாள்.

பார்வையற்றவர்களுக்காக நான் பாடப்புத்தகங்களை ஒலிப்பதிவு செய்து கொடுப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த முறை ஒரு நாடகம். தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பட்டப் படிப்பு படிக்கும் ஒரு குழுவுக்கு அது பாடம். ஏப்ரல் நடுவில் தேர்வு. ஒரு கிணறு யாருக்குச் சொந்தம் என்று வழக்கு. ஒரு நீதிபதி, ஒரு கிழவி, இன்னும் சிலர். எல்லாருக்கும் குரல் நான்தான்.

பிள்ளைகள் நம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அனுப்பிவைத்தார்களே, அந்தச் சின்னக் கம்ப்யூட்டர்ப் பெட்டி, அதில்தான் பதிவு செய்கிறேன். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அதன் ஃபேன் "ஷ்ஷ்ஷ்" என்று சுற்ற ஆரம்பித்துவிடும். எனக்குக் காது பழகிவிட்டது. முதல் மூன்று காட்சிகளை அப்படியே அனுப்பிவிட்டேன். போன வாரம் அவர்களுக்கு மாதிரித் தேர்வு. 'நாடகத்தின் சூழலை விளக்குக' என்று ஒரு கேள்வி. எல்லாரும் ஒன்றுபோல, நாடகம் அடைமழையில் நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். மழை என்பது கிழவியின் கண்ணீரைக் குறிக்கிறது என்று ஒருவர் விளக்கமே கொடுத்திருக்கிறார். எல்லாருக்கும் பூஜ்யம்.

அந்தக் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், அதனால் எல்லாருக்கும் வக்கீலம்மா. அவள் போன் செய்து, "என்னம்மா இது, நீதிபதி வாயைத் திறந்தாலே மழை பிடிச்சுக்குது. கோர்ட்டுக்குக் கூரையே கிடையாதா?" என்கிறாள்.

முதலிலிருந்து திரும்பப் படித்தாக வேண்டும், சத்தமில்லாமல். தேர்வுக்கு முன்னால் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் பையனிடம் சொன்னால், "புதுசு வாங்கி அனுப்புறேன்மா" என்கிறான். அது வந்து சேர்ந்து, என் கைக்குப் பழகுவதற்குள் தேர்வே முடிந்துவிடும். உங்கள் மகள்தான், "அப்பாகிட்ட கேளுங்க அத்தை. அந்தப் பெட்டியோட உள்ளுக்குள்ள வரைக்கும் அவருக்குத் தெரியும். ஆனா தெரியும்னு ஒத்துக்க மாட்டார்" என்றாள்.

ஒத்துக்கொள்ள வேண்டாம். செய்தால் போதும்.

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்


பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மழையைப் படித்துச் சிரித்தேன். பிறகு அவர்களுக்கு மதிப்பெண் போனதை நினைத்து, சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

மகள் மிகைப்படுத்திச் சொல்லியிருக்கிறாள். நான் வேலை பார்த்தது வெப்பமானிகளைச் சரிபார்க்கும் கூடத்தில். மருத்துவமனைகளும் ஆலைகளும் அனுப்பும் வெப்பமானிகளை உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் வைத்துப் பார்த்து, ஒழுங்காகக் காட்டுகின்றன என்று சான்று கொடுப்போம். கணினி ஓய்வுபெற்ற பிறகு நானாகப் புத்தகம் பார்த்துப் படித்தது. எனவே கீழே எழுதுவதில் தவறு இருக்கலாம்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கணினியை நடத்தும் மென்பொருளின் மையத்தில் கெர்னல் என்று ஒரு பகுதி உண்டு. திரை, ஒலிவாங்கி, விசிறி எல்லாம் அது சொல்கிறபடிதான் நடக்கும். கணினியின் மூளையான சிப்புக்குள் ஒரு சிறு வெப்ப உணரி இருக்கிறது. கெர்னல் அதை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் விசிறியை ஓட்டும். நம் பெட்டிகளில் அந்த எல்லை ஐம்பது டிகிரி. அது மிகத் தாழ்வு என்பது என் எண்ணம்.

குளிர்விக்க இன்னொரு வழியும் இருக்கிறது. சிப்பை மெதுவாக ஓடச் சொன்னால் சூடு தானாகக் குறையும். சத்தம் இருக்காது. ஒரு குரலைப் பதிவு செய்ய அதற்குப் பெரிய வேகம் தேவையில்லை. முதலில் மெதுவாகட்டும், அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் விசிறி என்று வரிசையை மாற்றினால் உங்கள் மழை நிற்கக்கூடும். ஆனால் மெதுவாக்கும் பகுதியே நம் பெட்டியின் கெர்னலில் சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்துக் கெர்னலைப் புதிதாகக் கட்ட வேண்டும். என்னால் முடியுமா என்பது சந்தேகம்தான். முயன்று பார்க்கிறேன்.

அதற்குமுன் சில விவரங்கள் தேவை. பதிவு அறை எவ்வளவு பெரியது? ஜன்னல் மூடியிருக்குமா? உள்ளே எத்தனை டிகிரி? பெட்டியை எதன்மேல் வைத்திருக்கிறீர்கள்?

ஒரு வேண்டுகோள். எக்காரணம் கொண்டும் விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டாம்.

உங்கள் மருமகளைப் பெற்றவன்


பிப்ரவரி 8

அன்புள்ள சம்பந்திக்கு,

ஒயரைப் பிடுங்கியாயிற்று. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. நான்காம் காட்சியில் கிழவி கிணற்றை எட்டிப் பார்த்து, "என் புருஷன் வெட்டின கிணறுய்யா இது" என்று சொல்லும் இடம். படித்துக்கொண்டே நானும் அழுதுவிட்டேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் திரை கறுப்பு. பெட்டியைத் தொட்டால் கை பொரிகிறது. அன்றைக்குப் படித்தது மொத்தமும் போயிற்று. அதே அழுகையைத் திரும்ப எங்கே போய்த் தேடுவேன்? எனக்கென்ன சுவிட்சா இருக்கிறது?

ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டேன். திட்டாதீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அறை ஒரு பெரிய துணி அலமாரி மாதிரி. சுவரெல்லாம் ரஜாய்ப் போர்வை தொங்குகிறது, வெளிச் சத்தம் வராமல் இருக்க. ஜன்னல் மூடியிருக்கும். சீலிங் ஃபேனையும் நிறுத்திவிடுவேன். உள்ளே முப்பத்தாறு டிகிரி. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் நீதி வழங்குகிறேன். பெட்டி மெத்தைமேல் இருக்கிறது. மேஜைமேல் வைத்தால் அதிர்வு வருமே என்று மெத்தென்று வைத்தேன்.

பார்த்துச் செய்யுங்கள்.

மாப்பிள்ளையைப் பெற்றவள்


பிப்ரவரி 15

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

முதலில் பெட்டியை மெத்தையிலிருந்து எடுத்துவிடுங்கள். காற்றுப் போகும் துளைகள் அதன் அடியில்தான் இருக்கின்றன. இரண்டு மரக்கட்டைகளை இடைவெளிவிட்டு வைத்து அவற்றின்மேல் வையுங்கள்.

கெர்னலைக் கட்டிவிட்டேன். கட்டுவதற்குமுன் அது கேள்விகளாகக் கேட்கிறது. இந்தப் பகுதி வேண்டுமா, வேண்டாமா? அந்தப் பகுதி? இப்படி ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் கீழும் ஒரு விளக்கம். பலவற்றின் முடிவில் ஒரு வரி: 'உறுதியாகத் தெரியவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்.' அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்னைப் போன்றவர்களையும் மனத்தில் வைத்து யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மளமளவென்று வேண்டாம், வேண்டாம் என்று போய்க்கொண்டிருந்தேன். வெப்பம் பற்றிய பகுதி வந்தது. வெப்பக் கண்காணிப்பு? வேண்டும் என்றேன். விசிறியால் குளிர்வித்தல்? வேண்டும். வேகத்தைக் குறைத்துக் குளிர்வித்தல்? வேண்டும், வேண்டும் என்று இரண்டு முறை வாய்விட்டே சொன்னேன்.

எல்லைகளைக் கெர்னல் தொடங்கும்போது படிக்கும் ஒரு சிறு கோப்பில் எழுத வேண்டும். அறுபது டிகிரியில் மெதுவாகட்டும். எழுபத்தெட்டைத் தொட்டால்தான் விசிறி. தொடங்கிய விசிறி எழுபத்திரண்டுக்கு இறங்கினால்தான் நிற்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால், எல்லையிலேயே நின்றுகொண்டு ஓடவா நிற்கவா என்று தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைப் பற்றி எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு அனுப்புவதற்கு முன் என் பெட்டியில் சோதித்தேன். சமையலறை ஜன்னலை மூடி, சுற்றிப் போர்வை கட்டி, செய்தித்தாளை உரக்கப் படித்துப் பதிவு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவருகே வந்து, "யார்கிட்ட சார் பேசிக்கிட்டிருக்கீங்க?" என்றார். "பெட்டிகிட்ட" என்றேன். அன்றிலிருந்து என்னிடம் மிகவும் மென்மையாகப் பேசுகிறார். விசிறி ஒரு முறைகூடச் சுற்றவில்லை.

கோப்புகளை இத்துடன் அனுப்புகிறேன். பழையவற்றை அழிக்காமல் வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பெட்டிக்கு எல்லை வைத்தாயிற்று. முப்பத்தாறு டிகிரியில் மூடிய அறைக்குள் இருக்கும் உங்களுக்கு யார் வைப்பது? காட்சிக்குக் காட்சி கதவைத் திறந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் மன்னிக்கவும்.

மருமகளைப் பெற்றவன்


பிப்ரவரி 22

அன்புள்ள சம்பந்திக்கு,

மழை விட்டது!

இரண்டு காட்சிகளைப் படித்து அனுப்பினேன். வக்கீலம்மா உடனே போன் செய்து, "அப்பாடா, கோர்ட்டுக்குக் கூரை போட்டுட்டீங்கம்மா" என்றாள். எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போலிருந்தது. முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

பெட்டி மெதுவாகும்போது திரையில் பக்கம் புரட்ட ஒரு யுகம் ஆகிறது. என் வயது அதற்கும் வந்துவிட்டது. பரவாயில்லை, அதுவும் நானும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் போகிறோம். ஆணைப்படி கதவைத் திறக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன். பையனின் அப்பா போன பிறகு, இவ்வளவு வருஷத்தில் நான் தண்ணீர் குடித்தேனா என்று கேட்ட ஆள் நீங்கள்தான்.

ஒரே குறை நீதிபதி. குரலைத் தடிமனாக்கிப் படிக்கிறேன். "சளி பிடிச்ச பாட்டி மாதிரி இருக்கார்" என்கிறாள் வக்கீலம்மா. என்ன செய்ய, இருக்கிற தொண்டை ஒன்று.

சந்தோஷமாக,
மாப்பிள்ளையைப் பெற்றவள்


மார்ச் 24

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

ஏழு காட்சிகள் முடிந்தன, இரண்டுதான் பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். மிக்க மகிழ்ச்சி.

வெயில் ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு ஒரு கவலை. விசிறியும் போதாமல் போனால் என்ன ஆகும்? சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தைச் சட்டென்று வெட்டிவிடும். கிழவியின் அழுகை போனதுபோல மறுபடியும் ஒன்று போய்விடும். ஆகவே மூன்றாவதாக ஓர் எல்லை சேர்த்திருக்கிறேன். எண்பத்தைந்து டிகிரி வந்தால், கெர்னலே எல்லாவற்றையும் சேமித்துவிட்டுப் பெட்டியை முறையாக அணைத்துவிடும். இந்தச் சிறு கோப்பை மட்டும் பழையதன் இடத்தில் வையுங்கள்.

முதல் இரண்டு எல்லைகளையும் சோதித்துப் பார்த்தே அனுப்பினேன். இதைச் சோதிக்க வேண்டுமென்றால் என் பெட்டியை எண்பத்தைந்து வரை சுட வைக்க வேண்டும். அதற்கு மனம் துணியவில்லை. ஒரே ஒரு வரிதான். எல்லாம் ஒரு பாதுகாப்புக்காக.

மருமகளைப் பெற்றவன்


மார்ச் 27

சம்பந்திக்கு,

பெட்டிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இதைப் போனிலிருந்து தட்டுகிறேன். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, திரையில் நாலு வரி ஓடுகிறது, 'ஆபத்தான சூடு, அணைக்கிறேன்' என்கிறது, அணைந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, காலைக் காற்று சிலுசிலுவென்று வரும்போது! எத்தனை முறை போட்டாலும் இதே கதை.

நீங்கள் சொன்னபடி பழைய கோப்பை வேறு பெயரில் வைத்திருக்கிறேன். ஆனால் அது உள்ளே இருக்கிறது. வீட்டைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்த கதை.

கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "மெமரி கார்டை ஃபார்மட் பண்ணிட்டுப் புதுசா போட்டுடலாம்மா" என்றார்.

"உள்ளே இருக்கிறது?"

"அது போயிடும். வேற என்ன பண்றது?"

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு காட்சிகளைத்தான் அனுப்பியிருக்கிறேன். மற்ற ஐந்தும் அதற்குள்தான். தேர்வு வாசலில் நிற்கிறது. அவர்கள் நாலைந்து முறையாவது கேட்டால்தான் மனத்தில் நிற்கும். இதை இனிமேல் ஆரம்பத்திலிருந்து படிக்க எனக்குத் தொண்டையும் இல்லை, நாளும் இல்லை.

போன் செய்கிறேன், நீங்கள் எடுக்கவே இல்லை.

மா. பெ.


மார்ச் 27, மாலை

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

போனை எடுக்கத் தைரியம் வரவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு எடுக்கலாம் என்று இருந்தேன். கண்டுபிடித்தேன். இப்போது இன்னும் எடுக்க முடியவில்லை.

கெர்னலுக்கு வெப்பத்தை டிகிரியில் எழுதக் கூடாது. டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்து எழுத வேண்டும். அறுபது டிகிரி என்றால் அறுபதாயிரம். இது எனக்குத் தெரியாததல்ல. முதல் இரண்டு எல்லைகளுக்கும், ஏற்கெனவே இருந்த வரிகளில் முன்னெண்களை மட்டும் மாற்றினேன், பூஜ்யங்களைத் தொடவில்லை. மூன்றாவது வரி மட்டும் நானே புதிதாக எழுதியது. எண்பத்தைந்து என்று எழுதிவிட்டு, பின்னால் மூன்று பூஜ்யங்களை விட்டுவிட்டேன். அதாவது பனிக்கட்டி உருகும் புள்ளிக்கு ஒரு மயிரிழை மேலே. இந்த உலகத்தில் எந்த அறையில் வைத்தாலும், கண் திறந்ததுமே செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்து உங்கள் பெட்டி தன்னை அணைத்துக்கொள்கிறது.

என் பெட்டியைச் சுட வைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு முறை அணைத்துப் போட்டிருந்தாலே தெரிந்திருக்கும். வாழ்நாள் முழுவதும் பிறர் வெப்பமானிகளில் கால் டிகிரிப் பிழை கண்டுபிடித்த ஆள் நான்.

பதிவுகள் பத்திரமாகவே இருக்கின்றன. கார்டை மட்டும் உருவி எனக்குக் கூரியரில் அனுப்பினால் திருத்தி, அன்றைக்கே திருப்பி அனுப்புகிறேன்.

தலைகுனிந்து,
மருமகளைப் பெற்றவன்


மார்ச் 27, சற்று நேரம் கழித்து

மூன்று பூஜ்யங்களை முழுங்கிய சம்பந்திக்கு,

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பனிக்கட்டியைவிடக் கொஞ்சம் சூடானாலே உயிர் போகிறது என்று பதறுகிறதாமே? அந்தப் பெட்டிக்குக் கெர்னல் கட்டியது யார் என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை.

என் ஐந்து காட்சிகளைக் கூரியர் மூட்டையில் போட மாட்டேன். அது வேறு ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாக வரும். நீங்கள் பஸ் ஏறுங்கள்.

மா. பெ.


மார்ச் 27, விளக்கு வைத்த பிறகு

சம்பந்தி அம்மாவுக்கு,

நாளைக் காலை முதல் பஸ்.

ம. பெ.


ஏப்ரல் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பாதி வழியிலேயே முடித்துவிட்டேன்.

ஒரு வரியைத் திருத்த வந்தவன். செருப்பைக் கழற்றப் பிடித்த நேரம்கூட அதற்குப் பிடிக்கவில்லை. மூன்று பூஜ்யங்களையும் போட்டேன், பெட்டி எழுந்துகொண்டது, உங்கள் ஐந்து காட்சிகளும் முழுசாக இருந்தன. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். நீங்கள்தான், "இந்த ஒரே ஒரு வரியை மட்டும் படிங்க சம்பந்தி. அறையில ஆம்பளைக் குரல் எப்படி விழுதுன்னு பார்க்கணும்" என்றீர்கள். 'வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது' என்பதுதான் அந்த வரி. அது ஒத்திவைக்கப்படவே இல்லை. முதல் காட்சியிலிருந்து தீர்ப்பு வரைக்கும் நீதிபதியாக என்னைப் படிக்க வைத்துவிட்டீர்கள்.

மூடிய அறை, கழுத்தில் ஈரத் துண்டு, எதிரே நீங்கள் கிழவியாக என்னைப் பார்த்துக் கையை நீட்டி நியாயம் கேட்கிறீர்கள். அந்த நாள்களைப் போல நான் சமீபத்தில் மகிழ்ச்சியாக இருந்ததில்லை. அதை நேரில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து நிதானமாகக் கேட்டுப் பார்த்தேன். என் குரல் நடுங்குகிறது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் மிகவும் நடுங்குகிறது. நீதிபதியின் குரல் நடுங்கலாமா? அவர்கள் தேர்வு என்னால் கெடக் கூடாது. இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. சளி பிடித்தாலும் பரவாயில்லை, நீதிபதியை நீங்களே படித்துவிடுங்கள்.

மருமகளைப் பெற்றவன்


ஏப்ரல் 20

அன்புள்ள நீதிபதி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன். நல்லவேளை.

தேர்வு முடிந்தது. 'தீர்ப்பு வழங்கும்போது நீதிபதியின் மனநிலையை ஆராய்க' என்று கேட்டிருந்தார்களாம். வக்கீலம்மா வெளியே வந்த கையோடு போன் செய்தாள்.

"பக்கம் பக்கமா எழுதித் தள்ளிட்டேன்மா. சட்டப்படி தீர்ப்பு சரி, நியாயப்படி தப்புன்னு அவருக்குத் தெரியும். அதான் பயந்துக்கிட்டே சொல்றார். பயப்படாத ஜட்ஜா இருந்தா அந்தக் கிழவியை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். முந்தி நீங்க படிச்சப்போ இது எங்களுக்கு ஏறவே இல்லை."

"ரொம்ப நன்றிடி."

"யாரும்மா அந்த நடிகர்?"

"என் சம்பந்தி."

"சும்மா விளையாடாதீங்க. என்ன ஒரு நடுக்கம்! அதெல்லாம் வருஷக்கணக்கா பழகினாத்தான் வரும்."

வருஷக்கணக்காகப் பழகியதுதான் என்று சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்ததும் நாடகம்தான். ஒரு கப்பல், அதில் ஒரு கிழட்டுத் தலைவன், ஒரு வாயாடிச் சமையல்காரி. கடைசிவரை இவர்கள் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். சமையல்காரிக்கு ஆள் இருக்கிறாள். என் வீட்டுக்குக் கீழ் வீடு காலியாக இருக்கிறது. சொந்தக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். பிள்ளைகளிடமும் சொன்னேன். உங்கள் மகள் கைதட்டினாள். என் பையன், "மாமா வந்துட்டா எனக்கு நிம்மதிம்மா, மெஷினைப் பத்தி நீ இனிமே எனக்குப் போன் பண்ண மாட்டே" என்கிறான்.

ஒரு நாடகத்துக்கு மட்டும் கூப்பிடவில்லை. அது உங்களுக்குப் புரியும். வருகிறீர்களா?

மாப்பிள்ளையைப் பெற்றவள்


ஏப்ரல் 26

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வக்கீலம்மா தேர்வில் எழுதியதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன்.

ஆனால் நான் வருவது சரியாக இருக்காது. இந்த வீட்டில் முப்பது வருடமாக இருக்கிறேன், மகளின் அம்மா போன பிறகு தனியாக. எந்த ஜன்னல் எப்போது முனகும் என்று எனக்குத் தெரியும். சம்பந்திகள் ஒரே கட்டடத்தில் குடியிருந்தால் தெரு என்னென்ன பேசுமோ. எனக்கு இல்லாவிட்டாலும் உங்களுக்கு அது சங்கடம். தவிர, கப்பல் தலைவன் புயலில் உரக்க ஆணையிட வேண்டியவன். நீதிபதி நடுங்கியது தற்செயலாகப் பொருந்தியது. நடுங்குகிற தலைவனை நம்பி யார் கப்பலில் ஏறுவார்கள்? பழகியவர் ஒருவரைத் தேடிக்கொள்வது நல்லது.

பெட்டியில் ஏதாவது என்றால் தயங்காமல் எழுதுங்கள். இனி எதையும் சோதிக்காமல் அனுப்ப மாட்டேன்.

மருமகளைப் பெற்றவன்


மே 1

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொல்வதும் சரிதான்.

பழகியவர் யாரையும் தேடவில்லை. இரண்டு குரலையும் நானே படித்துவிடுகிறேன். திங்கட்கிழமை ஆரம்பம். பெட்டி நன்றாக இருக்கிறது. வெயில்தான் தாங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தி


மே 6

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை வீட்டிலேயே இருந்திருப்பேன்.

உங்கள் கதவுக்கு எதிரே, மாடிப்படியில் உட்கார்ந்து போனில் இதை எழுதுகிறேன். 'பதிவு நடக்கிறது, மணி அடிக்காதீர்கள்' என்று அட்டை தொங்குகிறது. அடிக்கவில்லை. போனை அணைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருப்பீர்கள். காட்சி முடிந்து வெளியே வரும்போது இதைப் பார்த்தால் போதும். அவசரமே இல்லை. படிக்கட்டில் நல்ல காற்று வருகிறது.

கீழ் வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்துச் சாவி வாங்கிவிட்டேன். "நீங்க யாரு? எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். "மேல் வீட்டம்மாவோட சம்பந்தி. குடியிருக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன். சற்று உரக்கவே சொல்லிவிட்டேன்போல. அவர் ஓரடி பின்னால் போய், "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்றார். இந்தக் குரல் எங்கே இருந்தது என்று எனக்கும் தெரியவில்லை. தெரு பேசட்டும். நீங்கள் பதில் சொல்லிக்கொள்வீர்கள்.

எவ்வளவு ரஜாய் தொங்கவிட்டாலும் கதவின் கீழ் இடுக்கு வழியாக உங்கள் குரல் வெளியே வருகிறது. அதை நாளைக்கு அடைத்துத் தருகிறேன். சமையல்காரி பிரமாதம். தலைவனின் வரிகளைத்தான் கத்திப் படிக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அவன் அப்படிக் கத்த மாட்டான். புயல் எவ்வளவு பெரியது என்று புரிந்தவன். பயத்தை வெளியே காட்டாமல், சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் பேசுவான். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் இருக்காது.

உங்கள் வரிகளை முடித்துவிட்டு வாருங்கள். அவனுடைய வரிகளை எனக்கு விட்டுவையுங்கள்.

படிக்கட்டிலிருந்து,
உங்கள் சம்பந்தி